ஓவிய வகுப்பைத் திருப்பிக் கொடுங்கள்

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் கால அட்டவணையில் முதலில் காணாமல் போவது ஓவியப் பீரியடு. "போர்ஷன் முடிக்கணும் சார், இந்த வாரம் மட்டும்" என்று கணக்கு ஆசிரியர் கேட்பார். அந்த வாரம் ஆண்டுத் தேர்வு வரைக்கும் நீளும். அவரைக் குறை சொல்ல மாட்டேன், தேர்ச்சி விகிதம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். நான் சொல்ல வருவது பெற்றோருக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும். அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குக் கலை, உடற்கல்வி, பணிக்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஆனால் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். கிராமத்து நடுநிலைப் பள்ளிகள் பலவற்றில் அந்த எண்ணிக்கை கிடையாது. 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கோ கலை ஆசிரியர் என்ற பேச்சே அதில் இல்லை. கை பயமில்லாமல் கோடு இழுக்கிற வயது அதுதான். தமிழ்நாட்டில் 2012-இல் 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. பிறகு சம்பளம் படிப்படியாகக் கூடியது. ஆனாலும் பகுதிநேரமாக வந்துபோகிறவர் ஒரு பிள்ளையின் கையை எவ்வளவுதான் கவனிக்க முடியும்?

விளைவு என்ன தெரியுமா? ஆறாம் வகுப்பில் "உங்களுக்குப் பிடித்த இடத்தை வரையுங்கள்" என்றால், இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை என்று வகுப்பு முழுக்க ஒரே படம் வரும். சிவகங்கைச் சீமைப் பிள்ளைக்குத் தெரிந்தது கண்மாயும் கருவேலமும் பனையும். அவள் மலையை வரைகிறாள், ஏனென்றால் யாரோ கரும்பலகையில் போட்டதைப் பார்த்து எழுதியே பழகியவள். படத்தை முடித்ததும் "சார், இதுக்கு என்ன கலர் அடிக்கணும்?" என்று கேட்பாள். எனக்கு மிகவும் வலிக்கிற கேள்வி இது. தான் பார்த்த மரத்தின் நிறத்தைக்கூட இன்னொருவரிடம் கேட்டுத்தான் போட வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குப் பழக்கியிருக்கிறோம்.

இதை மாற்ற எனக்குக் கைகொடுத்தது களிமண். மானாமதுரைப் பக்கம் மண்பாண்டத்துக்குப் பெயர் போனது, அங்கே செய்கிற கடம் கச்சேரி மேடைகளில் ஒலிக்கிறது. மண்பாண்டம் செய்கிறவரை வகுப்புக்கு அழைத்தால், நான் ஒரு மாதம் பேசிப் புரியவைக்காததை அவர் ஒரு மதியத்தில் காட்டிவிடுவார். ஒரு பையன் குருவி செய்தான். தலையை உருட்டி உடம்போடு அழுத்தி ஒட்டினான். காய்ந்ததும் கழுத்து விட்டுவிட்டது. அவர் திட்டவில்லை. ஒட்டுகிற இரண்டு பக்கத்தையும் குச்சியால் கீறச் சொன்னார், மண்ணைத் தண்ணீரில் குழப்பித் தடவச் சொன்னார், அப்புறம் அழுத்தி நிழலில் வைக்கச் சொன்னார். உடம்பு கெட்டியாக இருந்தால் வெளிப்பக்கம் முன்னால் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், அதனால்தான் வெடிக்கிறது என்றும், ஈரத்தோடு சூளைக்குப் போனால் உள்ளே நீராவி பிதுக்கி உடைக்கும் என்றும் விளக்கினார். அறிவியல் புத்தகத்தில் சுருக்கம், ஆவியாதல் என்று படித்ததை அந்தப் பையன் கட்டைவிரலால் படித்தான். இரண்டாவது குருவியின் வயிற்றைக் குடைந்து விட்டுத்தான் ஒட்டினான், யாரும் சொல்லாமலே.

இங்கே ஒரு சங்கடத்தை மறைக்காமல் பேச வேண்டும். பள்ளியில் கைத்தொழில் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு 1953 நினைவுக்கு வரும். ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் தொடக்கப் பள்ளி நேரம் பாதியானது, மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தார்கள், 1954-இல் அது கைவிடப்பட்டது. எதிர்த்தது சரி. குயவர் பிள்ளை சக்கரத்துக்கும் வக்கீல் பிள்ளை புத்தகத்துக்கும் போவதற்குப் பெயர் கல்வி கிடையாது. அதனால்தான் கைவினை வகுப்பு எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், படிப்பு நேரத்தில் ஒரு நிமிடத்தைக்கூட அது தின்னக் கூடாது, வகுப்புக்கு வருகிற கலைஞருக்கு ஆசிரியருக்குரிய மரியாதையும் ஒரு நாள் ஊதியமும் தர வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்கிறேன். மாலை போட்டு, போட்டோ எடுத்து, வெறுங்கையோடு அனுப்புவது அவமரியாதை.

பத்தமடையில் கோரைப்பாய், செட்டிநாட்டில் ஓலைக் கொட்டான், தஞ்சாவூரில் தலையாட்டி பொம்மை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இப்படி ஒன்று இல்லாமல் இருக்காது. தையல் தெரிந்த அக்கா, கூடை முடைகிற பாட்டி போதும்.

2022-இலிருந்து அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா நல்ல காரியம், மேடையே பார்க்காத பிள்ளைகள் அதில் மேடை ஏறியிருக்கிறார்கள். ஆனால் போட்டிக்குப் பள்ளிக்கு நான்கு பேரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்துவிட்டு, மற்ற பிள்ளைகளின் வகுப்பைக் காலியாக விடுவது கலைக் கல்வி ஆகாது. வரையத் தெரியாது என்று ஒதுங்குகிற பிள்ளைக்குத்தான் அந்த நாற்பது நிமிடம் அதிகம் தேவை.

பெற்றோருக்கு இரண்டு வேண்டுகோள். வீட்டில் பிள்ளை வரைந்ததைக் காட்டினால் "இது என்ன, யானையா?" என்று கேட்காதீர்கள். "இதைப் பத்திச் சொல்லு" என்று கேளுங்கள், கதை தானாக வரும். அவள் கையைப் பிடித்து நீங்கள் வரைந்து கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிக்கு மேல் பெற்றோர்தான் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஓவியம், கைவினை என்று எழுதியிருக்கிற பீரியடு போன மாதம் எத்தனை முறை நடந்தது என்று கேளுங்கள். அந்தப் பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.