அடுத்த வீடியோவைத் தேர்ந்தெடுத்தது யார்?

"நேற்று எவ்வளவு நேரம் ஃபோன் பார்த்தாய்?" என்று ஒரு மாணவரிடம் கேட்டால், வரும் பதில் பெரும்பாலும் உண்மைக் கணக்கோடு பொருந்தாது. அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மனிதர்கள் சொல்லும் கணக்கையும் கருவி பதிவு செய்யும் கணக்கையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளை ஒரு குழு 2021இல் தொகுத்துப் பார்த்தது. பெரியவர்களும் இப்படித்தான் தவறுகிறார்கள். சிலர் கூட்டிச் சொல்கிறார்கள், சிலர் குறைத்து.

கடந்துபோன நேரத்தை மூளை நிமிடக் கணக்கில் சேமித்து வைப்பதில்லை. இடையில் என்னென்ன நடந்தது என்ற நினைவுகளைக் கொண்டு பிறகு ஊகிக்கிறது. ஒரே மாதிரியான குட்டி வீடியோக்கள் வரிசையாக ஓடும்போது, தனித்தனியாக நினைவில் நிற்பவை கொஞ்சம்தான். ஃபோனைச் சும்மா எடுத்துப் பார்த்துவிட்டு வைத்த தடவைகளோ பெரும்பாலும் நினைவுக்கே வருவதில்லை.

இதோடு திரையின் வடிவமைப்பும் சேர்ந்துகொள்கிறது. புத்தகத்தில் அத்தியாயம் முடியும், தொலைக்காட்சியில் நிகழ்ச்சி முடியும். அந்த இடைவெளியில்தான் 'போதுமா?' என்ற கேள்வி தானாக எழும். 2006இல் மென்பொருள் வடிவமைப்பாளர் ஏசா ராஸ்கின் உருவாக்கிய முடிவில்லா ஸ்க்ரோல் (கீழே நகர்த்த நகர்த்தப் புதியது வந்துகொண்டே இருக்கும் பக்கம்) அந்த இடைவெளியை எடுத்துவிட்டது. (பின்னாளில் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார்.) அடுத்த வீடியோவைத் தானாக ஓடவைக்கும் ஆட்டோபிளேயும் இதே வேலையைத்தான் செய்கிறது: முன்பு தொடர்ந்து பார்க்க ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது, இப்போது நிறுத்துவதற்கு எடுக்க வேண்டியிருக்கிறது. அடுத்து வருவது நன்றாக இருக்குமா என்று தெரியாததும் விரலை நகர்த்த வைக்கிறது. எத்தனையாவது அழுத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாதபோது விலங்குகள் நெம்புகோலை விடாமல் அழுத்துவதை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் தன் சோதனைகளில் காட்டியிருக்கிறார்.

சரி, மாணவர்கள் இதை எப்படிக் கவனிப்பது? 2018இலிருந்து ஐஃபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் பயன்பாட்டு நேரத்தைக் காட்டும் வசதி இருக்கிறது. எடுத்த எடுப்பில் அந்த எண்ணை நீட்டுவதால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. முதலில் ஊகித்து எழுதட்டும், பிறகு திறந்து பார்க்கட்டும். இரண்டுக்கும் உள்ள தூரத்தைத் தானே காணும்போதுதான் 'ஏன் இப்படி?' என்ற ஆர்வம் வரும்.

அப்புறம், ஒரு மணி நேர இயற்பியல் பாடமும் ஒரு மணி நேர ரீல்ஸும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். அதனால் ஒரு நோட்டில் மூன்று விஷயங்களைக் குறிக்கச் சொல்லலாம்: எதற்காகத் திறந்தேன், இந்த வீடியோவை நான் தேடினேனா அதுவாக வந்ததா, மூடும்போது மனசு எப்படி இருந்தது. நடுவில் உள்ள கேள்விதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பார்த்தவற்றில் தானே தேர்ந்தெடுத்தது எவ்வளவு என்பதை அந்த நேரக் கணக்கு காட்டுவதில்லை.

தன் நடத்தையைத் தானே குறித்துவைத்தால் அந்த நடத்தையே கொஞ்சம் மாறும் என்பதை உளவியலாளர்கள் வெகுகாலமாக அறிவார்கள். ஆனால் எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும். நோட்டைப் படித்து ஒரு பெரியவர் திட்டினால், மறுநாளிலிருந்து அதில் வருவது அவருக்குப் பிடித்த கணக்குதான். ஆகவே நோட்டு மாணவரிடமே இருக்கட்டும். ஒரு வாரம் ஆனதும் ஆட்டோபிளேயை அணைத்துவிட்டு இன்னொரு வாரம் எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாரப் பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்து, ஆட்டோபிளேயை மீண்டும் போடுவதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்யட்டும்.