உதிராத டிராகன்

தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை புதிதாகிறது என்றால், ஜப்பானியர் முதுகு நிறையக் குத்திக்கொள்ளும் டிராகன் மட்டும் எப்படி ஆயுளுக்கும் நிற்கிறது என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

உதிர்வது மேல்தோல்தான். பச்சை குத்தும்போது மை அதற்கும் கீழே, உள்தோலில் இறங்குகிறது. டெபோரி என்னும் மரபு முறையில் கலைஞர் இடக்கை விரல்களால் தோலை இழுத்துப் பிடிப்பார். கட்டைவிரல் மேல் கோலைச் சாய்த்து, நுனியில் கட்டிய ஊசிக்கொத்தால் நெம்பி நெம்பிக் குத்துவார். கறுப்புக்குப் புகைக்கரியில் செய்த சுமி மை. முதுகு முழுவதும் முடியப் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூட ஆகும்.

ஊசி பட்ட இடத்துக்கு மேக்ரோபேஜ் என்னும் விழுங்கணுக்கள் விரைகின்றன. கிருமியை விழுங்கிச் செரிப்பதே அவற்றின் வேலை. மைத்துகளை விழுங்க முடிகிறது, செரிக்க முடிவதில்லை. வயிற்றில் கரியோடு அப்படியே கிடக்கின்றன. அந்த அணுவும் ஒருநாள் சாகுமே, அப்போது மை என்ன ஆகும்? 2018இல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் பச்சை குத்திய எலிகளின் விழுங்கணுக்களை மட்டும் கொன்று பார்த்தார்கள். படம் மங்கவே இல்லை! செத்த அணு கக்கிய மையைப் புதிதாக வந்த அணு அங்கேயே விழுங்கிக்கொண்டது. பச்சை குத்திய தோலை வேறோர் எலிக்கு ஒட்டவைத்தபோது, ஆறு வாரத்தில் அந்த மையில் பெரும்பகுதி புதிய எலியின் அணுக்களுக்குள் இருந்தது. அசையாமல் நிற்பதுபோல் தெரியும் டிராகனுக்குள் இந்தக் கைமாற்றம் ஓயாமல் நடக்கிறது. உயிரியலில் இதைவிட அழகான ஏற்பாட்டை நான் அதிகம் கண்டதில்லை.

எடோ நகரத் (இன்றைய டோக்கியோ) தீயணைப்பு வீரர்கள் டிராகனை விரும்பிக் குத்திக்கொண்டார்கள். அது நீருக்கு அதிபதி, நெருப்பிலிருந்து காக்கும் என்று நம்பினார்கள். அவர்களைக் காத்தது தண்ணீரில் நனைத்து உடுத்திய தடித்த பருத்தி அங்கி என்பதே என் கருத்து. ஆனால் அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். 1720 முதல் குற்றவாளிகளுக்குத் தண்டனையாகக் குத்தப்பட்ட அதே மையை, ஓவியர் குனியோஷி 1827 முதல் வரைந்த பச்சை குத்திய வீரர்களைப் பார்த்து, எளிய மக்கள் பெருமையாக்கிக்கொண்டார்கள். 1872இல் மெய்ஜி அரசு தடை விதித்தது. 1948இல்தான் அது நீங்கியது. இன்றும் பல பொதுக் குளியலகங்கள் பச்சை குத்தியவர்களை உள்ளே விடுவதில்லை. பச்சை குத்துவதற்குப் பேர்போன யாகூசா என்னும் குற்றக் கும்பல்களின் நிழலை எல்லார் முதுகிலும் போடுவது அநியாயம்.

எலி வாலில் பச்சை குத்தவா ஆராய்ச்சிப் பணம் என்று சிலர் கேட்கக்கூடும். லேசரால் மையை உடைத்தாலும் புதிய விழுங்கணுக்கள் துகள்களை மறுபடி பிடித்துவிடலாம். அவற்றைச் சிறிது காலம் விலக்கிவைத்தால் பச்சையை எளிதாக நீக்க முடியலாம் என்ற யோசனை அந்த எலிகளிடமிருந்துதான் வந்தது.