டெக்சாஸில் உங்கள் பிள்ளையின் பள்ளி அணி யாரோடு ஆடும்?

டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளி அணிகள் தங்கள் எதிரணிகளை எல்லாம் தாங்களே தேர்ந்தெடுக்க முடியாது. அரசுப் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளை நடத்தும் யூ.ஐ.எல். என்ற அமைப்பு ஆஸ்டினில் இருக்கிறது. அது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிகளைக் கலைத்துப் போட்டுப் புதிதாகப் பிரிக்கிறது. இதற்குப் பெயர் ரீஅலைன்மென்ட்.

அடிப்படை வெறும் தலைக்கணக்குதான். அக்டோபர் கடைசியில் ஒரு நாள், 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை எத்தனை மாணவர்கள் என்று கணக்கெடுப்பார்கள். அதை வைத்து 1ஏ முதல் 6ஏ வரை ஆறு பிரிவுகள். 2024-இல் வந்த பட்டியலில் 2,275 பேரோ அதற்கு மேலோ இருந்த பள்ளி 6ஏ. 105 பேர்கூட இல்லாத கிராமத்துப் பள்ளி 1ஏ. அங்கே அமெரிக்கக் கால்பந்தை 11 பேருக்குப் பதில் 6 பேர் ஆடுவார்கள். பிரிவுக்குள் ஊர்வாரியாகப் பள்ளிகளைச் சேர்த்து, ஒன்றோடொன்று ஆடும் குழுக்கள் அமைப்பார்கள். அந்தக் குழுதான் டிஸ்ட்ரிக்ட். பட்டியல் பிப்ரவரி தொடக்கத்தில் வந்துவிடும்.

பிரிவு மாறினால் பக்கத்து ஊரோடு பல வருடமாக நடந்த ஆட்டமே நின்றுபோகலாம். மேற்கு டெக்சாஸ் போல ஊர்கள் தள்ளித்தள்ளி இருக்கும் இடத்தில் தூரம்தான் பெரிய பாடு. செவ்வாய்க்கிழமை வாலிபால் முடித்து பஸ்ஸில் திரும்பும் பெண், செல்போன் வெளிச்சத்தில் கணக்குப் போட்டபடியே தூங்கிவிடுவாள். புதன் காலை வகுப்பு வழக்கம்போல் தொடங்கிவிடும். தலையை எண்ணும் விதி இந்தத் தூரத்துக்கும் இன்னும் அதிக மதிப்புத் தர வேண்டும்.

நம் மக்கள் நிறையப் பேர் வசிக்கும் டாலஸ் வடக்குப் பகுதியில் இதன் நீண்டகால விளைவு கண்முன்னே தெரியும். ஆலன் நகரப் பள்ளி நிர்வாகம் ஒரே பெரிய உயர்நிலைப் பள்ளியோடு 6ஏ-வில் நின்றது. 2012-இல் சுமார் 6 கோடி டாலரில் 18,000 பேர் அமரும் மைதானமும் கட்டியது. அருகிலுள்ள ஃப்ரிஸ்கோவோ பள்ளிகளை வேண்டுமென்றே சிறியதாக வைத்துப் பெருக்கியது. இப்போது அங்கே 12. பிள்ளைகளுக்கு ஃப்ரிஸ்கோ வழியே நல்லது என்பேன். 12 பள்ளி என்றால் 12 அணி, அத்தனை பேண்டு வாத்தியக் குழு, அத்தனை பேருக்கு இடம்.

சரி, பெற்றோர் என்ன செய்யலாம்? ஒதுக்கிய டிஸ்ட்ரிக்ட் சரியில்லை என்றால் பள்ளி நிர்வாகம் மேல்முறையீடு செய்யலாம். மேல் பிரிவில் ஆடவும் கேட்கலாம். கீழே இறங்கிக் கேட்க முடியாது. அதைவிட முக்கியம், புதுப் பள்ளி திறக்க எல்லை மாற்றும் கூட்டம் நடந்தால் தவறாமல் போங்கள். “நம் பள்ளியில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள், எந்தப் பிரிவுக்குப் போவோம்?” என்று அங்கேயே கேளுங்கள்.