எம்பிஎல்எஸ்: சீட்டு ஒட்டிப் போகும் தனிப் பிணையம்

வங்கிக் கிளையில் பாஸ்புக் பதியப் போனால் "லிங்க் இல்லை, அப்புறம் வாங்க" என்பார்களே, பல வங்கிகளில் அந்த லிங்க் ஓர் எம்பிஎல்எஸ் இணைப்புதான். கிளைகளையும் தரவு மையத்தையும் சேர்த்துக் கட்டும் இந்தச் சேவையை பிஎஸ்என்எல், ஏர்டெல், டாட்டா கம்யூனிகேஷன்ஸ், சென்னையின் சிஃபி எல்லோரும் 'எம்பிஎல்எஸ் விபிஎன்' என்ற பெயரில் விற்கிறார்கள். விபிஎன் என்றால் பலர் பகிரும் பிணையத்துக்குள் ஒருவருக்கென்று பிரித்துத் தரும் பிணையம். விரித்தால் மல்டிபுரோட்டோகால் லேபிள் ஸ்விட்சிங். முதல் சொல்லை அதிகம் ஆராய வேண்டாம். எந்த நெறிமுறையில் வரும் தரவையும் சுமக்கும் என்பதே பொருள். நடைமுறையில் சுமப்பது பெரும்பாலும் ஐபி பொதிகளைத்தான், அதாவது இணைய முகவரியோடு போகும் சிறு தரவுத் துண்டுகளை.

விஷயம் இருப்பது லேபிளில். பழைய பிரெஞ்சில் இந்தச் சொல்லுக்கு நாடா, துணிக்கீற்று என்று பொருள். ஆவணத்தில் முத்திரையைத் தொங்கவிடும் கீற்றையும் ஆங்கிலத்தில் அப்படித்தான் அழைத்தார்கள். அஞ்சல் பையின் வாயில் கட்டும் அடையாளச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் பையைப் பிரித்து ஒவ்வொரு கடிதத்தின் முகவரியையும் யாரும் படிப்பதில்லை. சீட்டைப் பார்த்து வண்டியில் ஏற்றுகிறார்கள். இங்கும் அதே வேலை. சேவையாளரின் பிணையத்துக்குள் நுழையும் பொதிக்கு முன்னால் 32 பிட் நீளத்தில் ஒரு சீட்டு ஒட்டப்படுகிறது. அதில் 20 பிட் சீட்டின் எண். வழியில் இருக்கும் அடுத்த திசைவி (ரௌட்டர்) எண்ணைப் பார்க்கும், வேறு எண்ணை மாற்றி ஒட்டும், தள்ளிவிடும். உள்ளே இருக்கும் ஐபி முகவரியை அது தொடுவதே இல்லை.

1990களின் நடுவில் திசைவிகளுக்கு நீண்ட முகவரிப் பட்டியலில் தேடிப் பொருத்துவது பெரும்பாடாக இருந்தது. தீர்வாகச் சிஸ்கோ 'டேக் ஸ்விட்சிங்' என்றது, ஐபிஎம் 'ஏரிஸ்' என்றது. இப்சிலான், தோஷிபா என ஆளுக்கொரு முறை. எல்லாவற்றையும் ஒன்றாக்க, இணைய நெறிமுறைகளை வகுக்கும் இணையப் பொறியியல் செயற்குழு (ஐஇடிஎஃப்) 1997இல் குழு அமைத்தது. கட்டமைப்புக்கான ஆவணம் 2001 ஜனவரியில் வந்தது. அதற்குள் வன்பொருள் வேகம் கூடிவிட்டது, தேடும் பிரச்சினையும் பெரிதாக இல்லை. பிறந்த காரணம் போய்விட்டது, பிள்ளை மட்டும் வளர்ந்தது. சிஸ்கோ பொறியாளர்கள் எரிக் ரோசனும் யாகோவ் ரெக்டரும் 1999 மார்ச்சில் வெளியிட்ட ஆவணம் இதே சீட்டைக் கொண்டு வாடிக்கையாளர்களைப் பிரித்துவைக்கும் வழியைச் சொல்லியிருந்ததுதான் காரணம்.

பத்து அலுவலகங்களை ஒன்றோடொன்று நேரடி லீஸ்டு லைனால் (வாடகைக்கு எடுக்கும் தனி இணைப்பு) இணைத்தால் 45 லைன் வேண்டும். எம்பிஎல்எஸ்ஸில் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் சேவையாளர் வரை ஒரு லைன், ஆகப் பத்து. பதினோராவது கிளை திறந்தால் மற்ற பத்திலும் கை வைக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் லைன் வந்து சேரும் சேவையாளரின் விளிம்புத் திசைவியில் சேர்த்தால் போதும். உங்கள் அலுவலகத்தில் 192.168.1 என்று தொடங்கும் முகவரி, அடுத்த தெரு நிறுவனத்திலும் அதே முகவரி என்றாலும் மோதாது. விளிம்புத் திசைவி ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிப் பட்டியல் வைத்திருக்கும். முகவரிக்கு முன்னால் 8 பைட் அடையாளம் சேர்த்து வேறுபடுத்தும்.

அப்புறம் குரல் அழைப்பு. சீட்டில் 3 பிட்டைச் 'சோதனைக்கு' என்று பெயர் போட்டு ஒதுக்கியிருந்தார்கள். எல்லோரும் அதை முன்னுரிமை குறிக்கவே பயன்படுத்தினார்கள். 2009இல் பெயரையே 'போக்குவரத்து வகுப்பு' என்று மாற்றிவிட்டார்கள். பெரிய கோப்பு ஒன்று ஓடும்போதும் தலைமை அலுவலகத்துடன் பேசும் குரல் துண்டுபடாமல் வருவது இந்த 3 பிட்டின் தயவு. லைன் நின்றால் புகார் டிக்கெட் போட ஓரிடம் இருப்பதும், ஒப்பந்தத்தில் எழுதிய நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் கட்டணத்தில் கழிவு கேட்கலாம் என்பதும் சிறு நிறுவனத்துக்குப் பெரிய ஆறுதல். ஒரு எச்சரிக்கை: பேக்கப் லிங்கும் அதே பள்ளத்தில் போகிறதா என்று கேளுங்கள். ஜேசிபிக்கு முதன்மை, மாற்று என்ற பேதம் கிடையாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? விபிஎன் என்பதை 'மெய்நிகர் தனியார் வலையமைப்பு' என்று எழுதுகிறார்கள். வலையமைப்பா, பிணையமா என்பதில் எனக்குச் சண்டை இல்லை. மெய்நிகரும் நல்ல சொல். பள்ளி இயற்பியலில் 'மாய பிம்பம்' என்று வரும் 'மாய' இங்கே பொருந்தாது. தனிக் கம்பி இல்லையே தவிர, வேலை மெய்யாகவே நடக்கிறது. உறுத்துவது 'தனியார்'. தமிழில் அது அரசுக்கு எதிர்ப்பதம். அரசு நிறுவனமான பிஎஸ்என்எல் ஓர் அரசுத் துறைக்குத் 'தனியார் வலையமைப்பு' தருகிறது என்று எழுதிப் பாருங்கள், சிரிப்பு வரும். 'மெய்நிகர் தனிப் பிணையம்' போதும். எம்பிஎல்எஸ்ஸுக்கு 'பன்னெறிமுறைச் சிட்டை நிலைமாற்றம்' என்று எழுதலாம்தான். ஆனால் வாய்க்குள் நுழையவில்லை. நான் 'சீட்டுவழி அனுப்பல்' என்பேன்.

'தனி' என்பதற்கு இங்கே 'பிரித்துவைத்தது' என்றுதான் பொருள்; 'மறைத்தது' என்று இல்லை. கைப்பேசியில் போடும் விபிஎன் செயலி தரவைக் குறியாக்கம் செய்யும், அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றும். எம்பிஎல்எஸ் தானாக அதைச் செய்யாது. பொதி சேவையாளரின் பிணையத்தில் உள்ளபடியே போகும். அதனால் பணம், மருத்துவக் குறிப்பு போன்றவை ஓடும் இடங்களில் மேலே ஐபிசெக் என்ற குறியாக்க முறையைப் போட்டுக்கொள்கிறார்கள். சாதாரண பிராட்பேண்டின் மேலேயே குறியாக்கத்துடன் பிணையம் கட்டும் எஸ்டி-வான் விலையில் முந்துவதால், பலர் இப்போது முக்கியக் கிளைகளுக்கு மட்டும் எம்பிஎல்எஸ் வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு மாற்றுகிறார்கள். ஒப்பந்தப் புள்ளி கோரும்போது குறியாக்கம் யார் பொறுப்பு என்று தனி வரியாக எழுதிக் கேளுங்கள். 'விபிஎன்' என்ற சொல் அதைத் தானாக உள்ளடக்காது.