பெட்டிங் ஆப், ரம்மி ஆப்பை லைவ்ல காட்டுற ஸ்ட்ரீமருக்கு சட்டப்படி என்ன பொறுப்பு இருக்கு?

எங்க சித்தி பையன் ஒருத்தன் இருக்கான், 22 வயசு, டிகிரி முடிச்சிட்டு ஒரு குடோன்ல பில் போடுற வேலை பாக்குறான். ஒரு நாள் சித்தி அவன் போனை என் கையில குடுத்து "சம்பளம் வந்த மறுநாளே காசு காணாம போகுது, என்னன்னு பாருப்பா"ன்னாங்க. யூபிஐ ஹிஸ்டரிய திறந்தா ராத்திரி 12.20க்கு 300, 12.41க்கு 500, 1.05க்கு 500, 1.07க்கு 1,000, இப்படியே 3 மணி வரைக்கும் போகுது, ஒவ்வொண்ணும் வேற வேற பேர்ல இருக்கற ஐடிக்கு. உக்கார வெச்சு கேட்டா கலர் பிரடிக்ஷன், சிவப்பா பச்சையான்னு பணம் கட்டுற விளையாட்டு. யாருடா உனக்கு இத காட்டுனதுன்னு கேட்டேன், ஒரு ஸ்ட்ரீமர் பேரை சொன்னான், தினமும் லைவ்ல அவர் விளையாடுறத இவன் பாத்துட்டு இருந்திருக்கான். எல்லாம் தோத்த அன்னிக்கு லைவ் சாட்ல "அண்ணா மொத்தமும் போச்சு"ன்னு போட்டிருக்கான், அவர் அத படிச்சிட்டு "விடு தம்பி, அடுத்த ரவுண்டுல ரெக்கவர் பண்ணிக்கலாம்"னு சொல்லிட்டு அடுத்த ஆட்டத்துக்கு போய்ட்டாராம்.

தம்பியோட அந்த மெசேஜுக்கு அந்த அண்ணன் பதில் சொல்லவே வேண்டாமா, சட்டம்னு ஒண்ணும் இல்லையான்னு எனக்கு மனசு ஆறல. தேடித்தேடி படிச்சதுல புரிஞ்சத இங்க எழுதுறேன், ஸ்ட்ரீம் பண்றவங்களும் படிங்க, வீட்ல இப்படி ஒரு பையன் இருக்கறவங்களும் படிங்க.

முதல்ல பழைய கதை. 2020 டிசம்பர் 15ல இருந்து இந்திய விளம்பர தர கவுன்சில், அதாவது ஆஸ்கி, பணம் கட்டி விளையாடுற கேம் விளம்பரத்துக்கு ஒரு வழிகாட்டுதல் வெச்சுது. 18 வயசுக்கு கீழ இருக்கறவங்க விளையாடுற மாதிரி காட்டக்கூடாது, இத ஒரு வருமானம் மாதிரியோ வேலைக்கு மாற்று மாதிரியோ சொல்லக்கூடாது, இதுல பண இழப்பு அபாயம் இருக்கு, அடிமையாக்கலாம், உங்க சொந்த பொறுப்புல விளையாடுங்கன்னு ஒரு எச்சரிக்கை கண்டிப்பா போடணும். டிவி விளம்பரத்துக்கு கடைசில மூச்சு விடாம வேகமா ஒருத்தர் படிப்பாரே, அது இதுதான். நான் பாத்த வரைக்கும் அடிமைத்தனத்துக்கு இந்த துறை எடுத்துக்கிட்ட பொறுப்புல பெரும்பங்கு அந்த ஒரு வரிதான். அதுலயும் ஆஸ்கிங்கறது விளம்பரத்துறை தானே வெச்சுக்கிட்ட அமைப்பு, அது யாரையும் ஜெயிலுக்கு அனுப்ப முடியாது.

இப்ப நிலைமை மாறிடுச்சு. ஆன்லைன் கேமிங் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறை சட்டம் 2025, ஆகஸ்ட் 20 லோக்சபா, 21 ராஜ்யசபா, 22 ஜனாதிபதி ஒப்புதல், மூணே நாள்ல முடிஞ்சுது. இதுல ஸ்ட்ரீமர் முக்கியமா பாக்க வேண்டியது 6வது பிரிவு. பணம் வெச்சு விளையாடுற எந்த ஆன்லைன் கேமையும் நேரடியாவோ மறைமுகமாவோ விளையாட தூண்டுற விளம்பரத்தை யாரும் எந்த மீடியாலயும் செய்யக்கூடாது, செய்ய வைக்கக்கூடாது, அதுக்கு உதவக்கூடாது, தூண்டக்கூடாது. மீறுனா 2 வருஷம் வரைக்கும் சிறை, இல்ல 50 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. ரெண்டாவது தடவ மாட்டுனா குறைஞ்சது 2 வருஷம், 3 வருஷம் வரைக்கும் போகலாம், அபராதம் 50 லட்சத்துல ஆரம்பிச்சு 1 கோடி வரைக்கும். ஆப்பை நடத்துறவங்களுக்கு தனி தண்டனை, 3 வருஷம் 1 கோடி வரைக்கும், அது கோர்ட் அனுமதிச்சா மட்டும் ஜாமீன் கிடைக்கற குற்றம். பணப்பரிமாற்றத்துக்கு வழி செஞ்சு குடுக்கறவங்களுக்கும் அதே. அந்த ஜாமீன் லிஸ்ட்ல விளம்பரம் இல்ல, ஆனா அதுக்காக இத சின்ன விஷயம்னு நினைச்சுடாதீங்க.

மறைமுகமான்னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, எனக்கு அதுதான் முக்கியமா படுது. "நான் ப்ரமோஷன் பண்ணல, நான் விளையாடுறத சும்மா காட்டுறேன்"னு சொல்லிட்டு டெஸ்க்ரிப்ஷன்ல ரெஃபரல் லிங்க், பின் பண்ணுன கமெண்ட்ல கோடு, பயோல டெலிகிராம் சேனல், இதெல்லாம் வெச்சா அது சும்மா காட்டுறது கிடையாது. "எஜுகேஷனல் பர்பஸ்"னு ஸ்க்ரீன்ல ஒரு ஓரமா போட்டா தப்பிச்சுக்கலாம்னு பல பேர் நம்புறாங்க, அப்படி ஒரு விதிவிலக்கு அந்த பிரிவுல இல்ல. உதவுனவங்களும் குற்றவாளின்னு இருக்கறதால எடிட் பண்ற பையன், தம்ப்நெயில் போடுற பையன், டீல் பேசுற மேனேஜர் இவங்களும் யோசிக்கணும்.

"ஆனா ரம்மி ஸ்கில் கேம் தானே"ன்னு கேப்பீங்க. அந்த வாதத்துக்குதான் தமிழ்நாட்டுல பெரிய வரலாறே இருக்கு. 2021ல கொண்டு வந்த தடைய அந்த ஆகஸ்ட்லயே சென்னை ஹைகோர்ட் ரத்து பண்ணிடுச்சு. அப்புறம் நீதிபதி சந்துரு குழு அறிக்கை, 2022 அக்டோபர்ல அவசரச் சட்டம், கவர்னர் மசோதாவை திருப்பி அனுப்புனது, சட்டசபைல மறுபடி நிறைவேத்துனது, 2023 ஏப்ரல்ல ஒப்புதல். அந்த சட்டத்துலயும் 2023 நவம்பர்ல ஹைகோர்ட் ரம்மி, போக்கர் ரெண்டும் திறமை விளையாட்டுன்னு சொல்லி அதுங்கள தடை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுச்சு, மீதி சட்டம் அப்படியே நின்னுது. ஆனா 2025 மத்திய சட்டம் இந்த சண்டைக்குள்ளயே போகல. திறமையோ அதிர்ஷ்டமோ ரெண்டும் கலந்ததோ, ஜெயிச்சா காசு கிடைக்கும்னு எதிர்பாத்து பணம் கட்டுனா அது ஆன்லைன் பண விளையாட்டு, அவ்ளோதான். ஈ-ஸ்போர்ட்ஸ், அதாவது போட்டியா நடத்துற வீடியோ கேம், இதுல வராது, போட்டில சேர நுழைவுக் கட்டணம் வாங்குறதும் பரிசு குடுக்கறதும் அங்க ஓகே, அதனால சும்மா ஷூட்டிங் கேமோ செஸ்ஸோ ஸ்ட்ரீம் பண்ற பசங்க பயப்பட வேண்டாம். இந்த சட்டத்தை எதிர்த்து கேஸும் இருக்கு, வேற வேற ஹைகோர்ட்ல போட்ட மனுக்களை 2025 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் தன்கிட்டயே மாத்திக்கிச்சு.

வெளிநாட்டு சைட் தானே, அவனுங்களுக்கு இந்த சட்டம் எப்படி பொருந்தும்னும் கேக்குறாங்க. இந்தியாவுக்கு வெளிய இருந்து நடத்தி இங்க இருக்கறவங்களுக்கு குடுத்தாலும் பொருந்தும்னு சட்டத்துலயே இருக்கு. அந்த கம்பெனிக்காரன புடிக்கறது கஷ்டம்தான், ஆனா லைவ்ல முகத்தை காட்டி தமிழ்ல பேசுற ஸ்ட்ரீமர் இங்கதானே இருக்காரு.

தமிழ்நாடு சட்டத்துல தனியா ஒரு தண்டனை இருக்கு. ஆன்லைன் சூதாட்டத்துக்கு விளம்பரம் பண்ணுனா 1 வருஷம் வரைக்கும் சிறை அல்லது 5 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. அதுல விளையாடுறவங்களுக்கும் 3 மாசம் வரைக்கும் சிறை அல்லது 5,000 வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமேன்னு இருக்கு, மத்திய சட்டத்துல விளையாடுறவங்களுக்கு தண்டனை கிடையாது, அவங்கள பாதிக்கப்பட்டவங்களா பாக்குறோம்னு அரசாங்கமே சொல்லுச்சு. தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரில கொண்டு வந்த விதிகளும் படிக்க வேண்டியது: ராத்திரி 12ல இருந்து காலைல 5 வரைக்கும் லாகின் பண்ணவே விடக்கூடாது, ஆதார் வெச்சு வயசு சரிபாக்கணும், ஒரு மணி நேரத்துக்கு மேல விளையாடுனா 30 நிமிஷத்துக்கு ஒருதடவ எச்சரிக்கை வரணும். கம்பெனிங்க கோர்ட்டுக்கு போனாங்க, 2025 ஜூன் 3ம் தேதி ஹைகோர்ட் விதிகள் செல்லும்னு தீர்ப்பு சொல்லுச்சு. எங்க தம்பியோட ஹிஸ்டரில இருந்த அந்த 12.20, 1.05, 1.07 எல்லாம் எனக்கு அத படிக்கும்போது கண்ணு முன்னாடி வந்துச்சு, அந்த நேரத்தைதான் பூட்டணும்னு யாரோ சரியா யோசிச்சிருக்காங்க. ஆனா அந்த மாதிரி கலர் ஆப்புங்க ஆதாரும் கேக்கறதில்ல, நேரமும் பாக்கறதில்ல, ராத்திரி ஒரு மணிக்கு அதுக்கு வழி காட்டிட்டு இருந்தது லைவ்ல இருந்த மனுஷன்.

இதுக்கு மேல நுகர்வோர் சட்டமும் இருக்கு. 2023 ஜனவரில வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்படி காசோ கிஃப்ட்டோ வாங்கிட்டு ஒண்ண பத்தி பேசுனா அத வெளிப்படையா சொல்லணும், வீடியோன்னா டெஸ்க்ரிப்ஷன்ல மட்டும் போட்டா பத்தாது வீடியோலயே வரணும், எந்த மொழில பேசுறீங்களோ அதே மொழில வரணும், லைவ்னா லைவ் முடியற வரைக்கும் ஸ்க்ரீன்ல தெளிவா தெரிஞ்சுட்டே இருக்கணும். தப்பான விளம்பரம்னா 10 லட்சம் வரைக்கும் அபராதம், மறுபடி பண்ணுனா 50 லட்சம், விளம்பரம் பண்ணவே 1 வருஷம் தடை, அடுத்த தடவ 3 வருஷம். 2024 மார்ச்ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் தகவல் ஒளிபரப்பு அமைச்சகமும் பெட்டிங் ஆப் ப்ரமோட் பண்ணாதீங்கன்னு இன்ஃப்ளுயன்சர்களுக்கு எச்சரிக்கையே விட்டாங்க, மறைமுக விளம்பரத்தையும் சேத்து. ஒண்ணு தெளிவா புரிஞ்சுக்கோங்க, "இது பெய்டு ப்ரமோஷன்"னு உண்மைய சொல்லிட்டாலும் பண விளையாட்டுக்கு விளம்பரம் பண்றது பண்றதுதான்.

வெறும் பேப்பர்ல மட்டும் இருக்குன்னு நினைக்காதீங்க. 2025 மார்ச்ல ஹைதராபாத் பக்கம் மியாப்பூர் போலீஸ் நடிகர்கள், யூடியூபர்கள்னு 25 பேர் மேல பெட்டிங் ஆப் ப்ரமோஷனுக்காக கேஸ் போட்டாங்க, அது மத்திய சட்டம் வர்றதுக்கு முன்னாடியே. யூடியூபும் 2025 மார்ச் 19ல இருந்து கூகுள் அங்கீகாரம் இல்லாத சூதாட்ட சைட்ட லிங்கா குடுக்கறது மட்டும் இல்ல, வாயால பேர் சொல்றது, லோகோ காட்டுறது எல்லாத்தையும் தடை பண்ணிடுச்சு. ட்விட்ச்ங்கற லைவ் ஸ்ட்ரீமிங் தளம் 2022 அக்டோபர்லயே லைசென்ஸ் இல்லாத ஸ்லாட், ரூலெட், டைஸ் சைட்டுங்கள நிறுத்துச்சு.

இப்ப என் மனசுல இருக்கற விஷயத்துக்கு வரேன். இந்த சட்டங்க எல்லாம் காட்டாதே, தூண்டாதேன்னு சொல்லுது. ஏற்கனவே காட்டி, தூண்டி, அதுல மாட்டிக்கிட்டவனுக்கு என்ன செய்யணும்னு ஸ்ட்ரீமருக்கு ஒரு கடமையும் அதுல வைக்கல. உலக சுகாதார நிறுவனம் சூதாட்ட அடிமைத்தனத்தை நோய் பட்டியல்லயே வெச்சிருக்கு, ஒழுக்கம் கெட்டுப்போச்சுன்னு திட்டி சரி பண்ற விஷயம் இல்ல இது. லைவ் பாக்கறவனுக்கு ஜெயிக்கற தருணம்தான் மனசுல பதியும், 2,000 போட்டு 80,000 ஆகும்போது அவர் கத்துற கத்தல்தான் காதுல இருக்கும், அந்த 2,000 அவரோட காசா கம்பெனி போட்டு விட்டதான்னு இவனுக்கு தெரியாது. பல அஃபிலியேட் டீல்ல லிங்க் வழியா வந்தவன் தோத்த பணத்துல ஒரு பங்கு ஸ்ட்ரீமருக்கு போகும், அப்படிப்பட்ட டீல் போட்டவர் கிட்ட தம்பி "எல்லாம் போச்சு"ன்னு சொன்னா அது அவரோட வருமானம்.

அதனால ப்ரமோஷன நிறுத்திட்டேன்னு சொல்ற ஸ்ட்ரீமர்கள் கிட்ட நான் கேக்கறது இதுதான். பழைய வீடியோவ மட்டும் பிரைவேட் பண்ணாதீங்க, டெலிகிராம்ல ஓடிட்டு இருக்கற லிங்கையும் எடுங்க. எவ்ளோ வாங்குனீங்க, அந்த பேலன்ஸ் யார் காசுன்னு அதே சேனல்ல, அதே ஆடியன்ஸ் கிட்ட சொல்லுங்க. சாட்ல ஒருத்தன் தோத்துட்டேன்னு வந்தா ரெக்கவர் பண்ணலாம்ங்கற வார்த்தைய சொல்லவே சொல்லாதீங்க, அந்த ஒரு வார்த்தைலதான் அடுத்த 5,000 போகுது. அதுக்கு பதிலா 14416ஐ பின் பண்ணுங்க.

14416ங்கறது டெலி மானஸ், மத்திய அரசோட மனநல ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். தமிழ்நாட்டுல 104க்கும் கூப்பிடலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைல போன், இன்டர்நெட், கேம் அடிமைத்தனத்துக்குன்னே தனி கிளினிக் இருக்கு. பணத்தை ஏமாத்தி புடுங்கிட்டாங்கன்னா சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930, எவ்ளோ சீக்கிரம் கூப்பிடுறீங்களோ அவ்ளோ நல்லது. ப்ரமோட் பண்ற வீடியோ மேல புகார் குடுக்கணும்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915, இல்ல சைபர் க்ரைம் போர்ட்டல், அதோட அந்த பிளாட்ஃபாரத்தோட குறைதீர் அதிகாரிக்கும் போடுங்க, தகவல் தொழில்நுட்ப விதிகள்படி 24 மணி நேரத்துல பெற்றுக்கிட்டோம்னு சொல்லணும், 7 நாளுக்குள்ள முடிக்கணும். புகார் போடுறதுக்கு முன்னாடி வீடியோ லிங்க், எத்தனாவது நிமிஷத்துல ஆப் பேர் வருது, டெஸ்க்ரிப்ஷனோட ஸ்க்ரீன்ஷாட், ரெஃபரல் கோடு இதெல்லாம் தேதியோட எடுத்து வெச்சுக்கோங்க, லைவ் முடிஞ்சதும் நிறைய பேர் அழிச்சிடுறாங்க.

நாங்க அப்படித்தான் தவறவிட்டோம், நான் போய் தேடுனப்ப அந்த லைவ் இல்ல, தம்பி போட்ட அந்த மெசேஜும் அதோட போய்டுச்சு. 14416க்கு அவன் பேச மூணு நாள் ஆச்சு, முதல் தடவ நான் பக்கத்துல உக்காந்திருந்தேன், ரெண்டாவது தடவ அவனே மொட்டை மாடிக்கு போய் பேசிட்டு வந்தான். யூபிஐ பின் இப்ப சித்தி கிட்ட இருக்கு, அவனே குடுத்தது.