சைக்கோஅகூஸ்டிக்ஸ்: தமிழ்ல என்னன்னு சொல்றது?

காதுக்கு வந்து சேர்ற ஒலி ஒண்ணு, நாம கேட்டதா உணர்றது இன்னொண்ணு. இந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள உறவை ஆராயற துறைதான் சைக்கோஅகூஸ்டிக்ஸ். சைக்கோன்னதும் நம்ம ஊர்ல ஞாபகம் வர்ற அர்த்தத்தை இங்க ஒதுக்கி வச்சிடுங்க. கிரேக்கத்துல சைக்கேன்னா உயிர், மனசு. அகூஸ்டிகோஸ்னா கேக்குறது சம்பந்தப்பட்டது. அதாவது அகூஸ்டிக்ஸோட வேர்ல இருக்கிறதே கேட்டல்தான். 1700கள் தொடங்குற நேரத்துல பிரான்ஸ்ல ஜோசப் சாவோர் ஒலி பத்தின மொத்த அறிவியலுக்கும் அந்தப் பேரைச் சொன்னார், போகப்போக அது அலை, அதிர்வுன்னு இயற்பியல் பக்கம் சாய்ஞ்சிடுச்சு, அதனால கேக்குற ஆளைத் திரும்பவும் உள்ள கொண்டுவர முன்னாடி ஒரு சைக்கோ தேவைப்பட்டுச்சு. அதுக்கு முன்மாதிரி, வெளிய இருக்கிற தூண்டலுக்கும் நாம உணர்றதுக்கும் உள்ள உறவைப் பத்தி 1860ல ஜெர்மன் அறிஞர் ஃபெக்னர் எழுதின சைக்கோஃபிசிக்ஸ்.

இதெல்லாம் படிச்சா பாதிதான் புரியும், கம்ப்யூட்டர்ல போட்டுக் கேட்டா முழுசாப் புரியும். ஆடாசிட்டிங்கிற ஒலி எடிட்டிங் சாஃப்ட்வேர் இலவசம்தான், அதுல 200, 400, 600, 800, 1000 ஹெர்ட்ஸ்ல அஞ்சு சைன் அலையை (ஒரே ஒரு அதிர்வெண் மட்டும் உள்ள ஒலி) தனித்தனி டிராக்கா உருவாக்கி, சத்தத்தைக் குறைச்சு வச்சு, ஒண்ணா பிளே பண்ணுங்க. ஒரே ஒரு சுரம் கேக்கும், அதோட சுருதி 200. இப்ப அந்த 200 டிராக்கை மட்டும் மியூட் பண்ணுங்க. ஒலி கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி இருக்கும், ஆனா சுருதி ஏறாது, அதே 200லயே நிக்கும்! ஃபைல்ல இல்லாத ஒண்ணை நீங்க கேக்குறீங்க. சின்ன போன் ஸ்பீக்கர்ல ஆம்பளைக் குரலோட அடி அதிர்வெண் சரியா வர்றதே இல்ல, இருந்தும் அது ஆம்பளைக் குரலாவே கேக்குறதுக்குக் காரணமும் இதுதான்.

1841லயே ஜெர்மன் இயற்பியலாளர் சீபெக் ஒரு சைரனை வச்சு இதைக் காட்டினார், ஓம் விதிக்குப் பேர் போன அதே ஓம் ஒத்துக்கல. காதுக்குள்ளயே அந்த 200 உருவாகுதோன்னு ஒரு சந்தேகம் ரொம்ப நாள் இருந்துச்சு, 1954ல அமெரிக்க உளவியலாளர் லிக்லைடர் அந்தத் தாழ்ந்த பகுதியை இரைச்சலால மூடிட்டுக் காட்டினப்பவும் சுருதி கேட்டுச்சு. காதுக்குள்ள உருவாகிற 200தான் காரணம்னா, இரைச்சல் அதையும் மூடியிருக்கணுமே. இப்படிப்பட்ட சோதனைகளைத் தொகுத்து 1987ல ஹௌட்ஸ்மா, ராசிங், வாகனார்ஸ் மூணு பேரும் ஒரு சிடியே போட்டாங்க, பல காலேஜ்ல பாடம் நடத்த அது உதவுச்சு.

சரி, தமிழ்ச்சொல். உளஒலியியல்னு நேரடியா மாத்தலாம், எனக்கு அது பிடிக்கல. மனசுக்குள்ள கேக்குற ஒலின்னு அர்த்தம் போயிடும், போதாததுக்கு மொழியியல்ல ஒலியியல்னா பேச்சொலி பத்தின படிப்பு. ஒலியுணர்வியல்னா ஒலியும் இருக்கு, அதை உணர்ற ஆளும் இருக்கு, அதுவே சரின்னு சொல்வேன். கூடவே அளவுச் சொற்களையும் பிரிச்சுப் புழங்கணும். அதிர்வெண் (இலங்கைல இதையே மீடிறன்னு சொல்வாங்க) கருவி அளக்குறது. சுருதி காது சொல்றது. அதே மாதிரி கருவி அளக்குற ஒலிச்செறிவு வேற, எவ்வளவு சத்தமா கேக்குதுன்னு காது சொல்ற உரப்பு வேற. ஒரு ஒலி இன்னொண்ணைக் கேக்கவிடாம பண்றதுக்கு மறைப்புன்னு சொன்னா போதும், எம்பி3 சின்ன ஃபைலா இருக்கிறதுக்கு அடிப்படையே அதுதான்.

வகுப்புல இதைச் செய்றவங்க எந்தெந்த அதிர்வெண் இருக்குன்னு காட்டுற ஸ்பெக்ட்ரம் படத்தை முதல்ல காட்டிடாதீங்க, பிள்ளைங்க கேட்டதை நோட்டுல எழுதி முடிச்ச பிறகு காட்டுங்க.