எடை குறைந்த பின் தொங்கும் தோல்: அறுவை சிகிச்சைக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

நாற்பது, ஐம்பது கிலோ எடையைக் குறைத்துவிட்டு எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, தொங்கும் தோலை உடற்பயிற்சியாலோ க்ரீமாலோ இறுக்கிவிட முடியாதா என்பதைத்தான். பல ஆண்டுகள் விரிந்தே இருந்த தோலில் கொலாஜன், எலாஸ்டின் இழைகள் சிதைந்திருக்கும் என்பதால், உள்ளே இருந்த கொழுப்பு கரைந்த பிறகும் அது பழைய அளவுக்குச் சுருங்குவதில்லை. உடற்பயிற்சி தசையை வளர்க்கும்; தோலின் அளவைக் குறைக்காது. தோலைச் சூடேற்றி இறுக்கும் கருவிகள் லேசான தளர்ச்சிக்கு ஓரளவு உதவலாம், ஆனால் அடிவயிற்றிலிருந்து தொடை வரை மடிந்து தொங்கும் தோலுக்கு அவற்றில் பணம் கட்டுவது வீண் என்பதே என் கருத்து. லைப்போசக்‌ஷன் (கொழுப்பைக் குழாயால் உறிஞ்சி எடுப்பது) மட்டும் செய்தால், உள்ளே இருக்கும் கொஞ்சநஞ்சக் கொழுப்பும் போய்த் தோல் இன்னும் தளர்ந்துவிடும்.

இதை வெறும் அழகு விவகாரம் என்று வீட்டார் ஒதுக்கிவிடுவதுண்டு. நோயாளியை நிற்கவைத்து அந்த மடிப்பைத் தூக்கிப் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும்: ஈரம் தங்கிச் சிவந்த தோல், ஓரங்களில் பூஞ்சைப் படை, மடிப்பின் அடிக்கோட்டில் வெடிப்பு, வியர்வையை உறிஞ்சட்டும் என்று மடித்துச் செருகிய பழைய வேட்டித் துணி. சென்னைப் புழுக்கத்தில் பவுடரும் களிம்பும் சில நாட்கள் தாங்கும்; பிறகு புண் திரும்பிவிடும். சுடிதார் நாடாவை மடிப்புக்கு மேலே கட்டுவதா, கீழே கட்டுவதா என்பதுகூட இவர்களுக்கு அன்றாடத் தொல்லைதான்.

அறுவை சிகிச்சையின் வெற்றி பாதிக்குமேல் அதன் நேரத்தைப் பொறுத்தது. எடை 6 மாதங்களாவது ஏறாமல் இறங்காமல் ஒரே நிலையில் நிற்க வேண்டும். எடையைக் குறைக்க இரைப்பையைச் சுருக்கும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அந்த நிலை வழக்கமாக 12 முதல் 18 மாதங்களுக்குப் பிறகே வரும். பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 30-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 35-ஐத் தாண்டினால் காயம் பிரிவதும் கிருமித்தொற்றும் கூடுகின்றன. குழந்தை பெறும் எண்ணம் இருப்பவர்கள் அதற்குப் பிறகு வருவதே சிறந்தது. இரைப்பை சுருக்கப்பட்டவர்களுக்குப் புரதம், இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி ஆகியவை குறைந்திருப்பது மிகச் சாதாரணம். அவற்றைச் சரிசெய்யாமல் போட்ட தையல் ஆறுவது கடினம். புகைப்பவர்கள் முன்னும் பின்னும் குறைந்தது 4 வாரங்கள் அறவே நிறுத்த வேண்டும், ஏனெனில் நிக்கோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் தோலின் விளிம்பு கறுத்து அழுகிவிடக்கூடும். மவுன்ஜாரோ, வெகோவி ஊசிகள் 2025-இல் இந்தியாவுக்கு வந்த பிறகு, அவற்றால் எடை குறைத்தவர்களும் இதே தோல் தளர்ச்சியோடு வரத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், வெறும் வயிறு என்று நினைத்து மயக்க மருந்து கொடுக்கும்போது உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு. கடைசி ஊசி எப்போது என்பதை மயக்கவியல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வயிற்றுக்கான அறுவை சிகிச்சைகளில் வேறுபாடுகள் உண்டு. தொங்கும் மடிப்பை மட்டும் வெட்டி எடுப்பது பானிகுலெக்டமி. இதில் தசையை இறுக்குவதில்லை, எனவே வயிறு முழுத் தட்டையாகிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. டம்மி டக் எனப்படும் முழுமையான வயிற்றுச் சீரமைப்பில், விலகிப்போன வயிற்றுத் தசைகளை நடுவில் சேர்த்துத் தைத்து, தொப்புளைப் புதிய இடத்தில் பொருத்துகிறோம். குடலிறக்கம் இருந்தால் பெரும்பாலும் அதையும் கூடவே சரிசெய்துவிடலாம். மிக அதிக எடை குறைந்தவர்களுக்குத் தோல் மேலிருந்து கீழாக மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் தளர்ந்திருக்கும் என்பதால், அடிவயிற்றுத் தழும்போடு நடுவயிற்றில் நெடுக்காக இன்னொரு தழும்பும் விழும்படி வெட்ட வேண்டியிருக்கும். முதுகும் பிட்டமும் சேர்ந்து தளர்ந்திருந்தால் இடுப்பைச் சுற்றிலும் வெட்டி எடுக்கிறோம். இது நோயாளியைக் குப்புறவும் நிமிர்ந்தும் திருப்பிச் செய்யும் நீண்ட அறுவை சிகிச்சை. வலது விலாவுக்குக் கீழே பழைய பித்தப்பை அறுவைத் தழும்பு இருந்தால், அந்தப் பக்கத் தோலுக்கு ரத்தம் போகும் வழி ஏற்கெனவே குறைந்திருக்கும் என்பதால் திட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கலாம்.

கைக்கு அக்குளிலிருந்து முழங்கை வரையும், தொடைக்கு உட்புறத்திலும் தழும்பு விழும். மார்பகத்தைத் தூக்கி அமைப்பது தனி. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் சம்மதிப்பதில்லை. நேரம் நீள நீள ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும் என்பதால், குறைந்தது 3 மாத இடைவெளியில் பிரித்துச் செய்வதே பாதுகாப்பு.

தோலை எடுத்தால் தழும்பு நிச்சயம். அது முதல் சில மாதங்கள் சிவந்து தடித்து, ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டில்தான் மங்கும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கெலாய்டு எனப்படும் தடித்த தழும்பும் அதிகம் வருகிறது. காது குத்திய இடத்தில் கட்டி வளர்ந்தவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். தோலுக்கடியில் நீர் கோர்ப்பது மிக அதிகமாகக் காணும் தொல்லை. அதற்காகவே குழாய் வைத்து, 24 மணி நேரத்தில் 30 மில்லிக்கும் குறைவாக வடியும்போது எடுக்கிறோம். அதன் பின் சுமார் 6 வாரங்கள் இறுக்க உடை அணிய வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.

செலவு விஷயத்தில் ஒரு விவரம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்துள்ள பொது விலக்குகளின்படி தோற்றத்துக்கான அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு கிடையாது. ஆனால் உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க அவசியம் என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்றளித்தால் விதிவிலக்கு உண்டு. அதனால் மடிப்பில் புண் வந்த ஒவ்வொரு முறையும் தோல் மருத்துவரிடம் காட்டி, சீட்டுகளையும் தேதியிட்ட படங்களையும் பத்திரப்படுத்துங்கள். ஒப்புதல் கிடைத்தாலும் பெரும்பாலும் மடிப்பை நீக்குவதற்குத்தான் கிடைக்கும்; தசை இறுக்கம், கை, தொடை ஆகியவை சொந்தச் செலவு என்பதால், இரண்டுக்கும் தனித்தனி மதிப்பீட்டை அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.